மறுமொழி: புரோவெனன்ஸ் – கைவழியா, உடைமை வரலாறா?

அன்பர்களே,

வெள்ளிக்கிழமை பயிற்சிக் கையேடு அச்சுக்குப் போகிறது. எபிரேயச் சுவடிகளைக் கணினியில் பட்டியலிடும் பாடத்தில் ஒரு நெடுவரிசைக்கு மட்டும் இன்னும் தலைப்பு இல்லை. ஒரு சுவடி தோன்றியது முதல் யார் யார் கைமாறி வந்தது என்று பதியும் வரிசை அது; ஆங்கிலத்தில் புரோவெனன்ஸ் (provenance) என்பார்கள்.

> பிறப்பிடம் என்றே போடலாமே.

பொருள் குறைந்துவிடும் ஐயா. எபிரேய விவிலியத்தின் பழம்பெரும் கைப்பிரதியான அலெப்போ சுவடி எழுதப்பட்டது ஏறத்தாழ 930இல், திபேரியாவில். அப்புறம் எருசலேம், கொள்ளைபோய், பணம் கொடுத்து மீட்கப்பட்டுக் கெய்ரோ, பிறகு அலெப்போ, 1958இல் மறுபடி எருசலேம். பிறப்பிடம் முதல் ஊரோடு நின்றுவிடுகிறது.

> உடைமை வரலாறு. மாணவருக்கு உடனே புரியும்.

ஆதரவு இதற்குத்தான் அதிகம். எனக்கு மனம் ஒப்பவில்லை. இறைவனுக்கு உரியது, விற்கலாகாது என்று அந்தச் சுவடியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். கொள்ளையடித்தவன் கையும் இந்த வரிசையில் பதிவாக வேண்டும். அவனை உடைமையாளன் என்போமா?

கெய்ரோ கெனிசாவைப் பாருங்கள். இறைவன் பெயர் இருக்கக்கூடும் என்பதால் அழிக்காமல், பென் எஸ்ரா தொழுகைக்கூடத்து அறையில் போட்டுவைத்த தாள்கள். கேம்பிரிட்ஜில் மட்டும் சுமார் 1,93,000 துண்டுகள். கையெழுத்துச் சாயலையும் வரி இடைவெளியையும் ஒப்பிட்டு, அங்கே இருக்கும் கிழிந்த தாளுக்கு நியூயார்க்கில் இருக்கும் மறுபாதியை மென்பொருள் எடுத்துக் காட்டுகிறது. இரண்டும் எந்தெந்தக் கைகள் வழியே பிரிந்து போயின என்பதைத்தான் நாம் அந்த வரிசையில் நிரப்பப் போகிறோம்.

அதனால்தான் ‘கைவழி’ என்றேன்.

> கைவழி என்றால் யாழ். புறம் 149 பார்க்க.

பார்த்தேன். வன்பரணர் வள்ளல் நள்ளியைப் பாடியது. மாலையில் மருதம், காலையில் செவ்வழி என்று பாணர் முறை மறந்து பண்ணும் அருமையான இடம். எப்போதும் கையில் இருப்பதால் யாழுக்கு அந்தப் பெயர் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கையோடு இருந்ததற்கு ஆன சொல் கைமாறி வந்ததற்கு ஆகாதா? இன்று கைவழி என்று கேட்டு யாழை நினைப்பவர் நம் குழுவுக்கு வெளியே எத்தனை பேர்?

> ஊரில் பூர்வோத்தரம் விசாரிப்பது என்பார்களே?

அம்மா, படித்ததும் எங்கள் ஆச்சியின் குரல் கேட்டது. வரன் வந்தால் முதலில் அதைத்தான், அந்தக் குடும்பத்தின் முன்கதையைத்தான் கேட்பார். வடசொல் என்று நான் தள்ளவில்லை. என் வகுப்பில் கேட்டேன், இருபது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சரி, வியாழன் இரவுவரை பார்க்கிறேன். வேறு சொல் வராவிட்டால் பெரும்பான்மைப்படி ‘உடைமை வரலாறு’ என்றே தலைப்பு போகும். அலெப்போ சுவடிக்கான அடிக்குறிப்பில் மட்டும் கைவழி என்று எழுதுவேன்.