தண்டையார்பேட்டை வீடு – குடும்ப குரூப்

தேவி: குமாரு இருக்கியா

தேவி: நாளைக்கு மதிக்கு பத்தாவது அரையாண்டு கணக்கு பரீட்சை. சமன்பாடு குடுத்தா போட்டுடுறா, வாக்கியமா குடுத்தா திணறுறா. அழுதுனு உக்காந்துகினு கீறா

தேவி: 📷 புகைப்படம்

செல்வி: சாப்ட்டாளா

தேவி: இல்லக்கா

பாபு: சித்தி போட்டோ மங்கலா கீது

குமார்: எனக்குத் தெரியுது. "ஒரு ரயில் 120 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 30 கி.மீ. கூடினால் பயண நேரம் 40 நிமிடம் குறையும். வேகம் என்ன?" மதி, நோட்டு எடும்மா. முதல் வரியே "ரயிலின் வேகம் மணிக்கு எக்ஸ் கி.மீ. என்க"ன்னு இருக்கணும். எதைக் கேக்கறாங்களோ அதுக்குத்தான் எக்ஸ். அந்த வரி எழுதாம கீழ இறங்காத. இங்க டைப் பண்ண வசதியா நான் 'வ'ன்னு போடறேன்.

சேகர்: எந்த ரயிலு 40 நிமிஷம் சீக்கிரமா போவுது. கொருக்குப்பேட்டை கேட்டுல தெனம் நிக்கறவன் கேக்கறேன்

பாபு: 😂😂

குமார்: மாமா கொஞ்சம் இருங்க. மதி, நேரம் = தூரம் ÷ வேகம். பழைய நேரம் 120/வ. புது நேரம் 120/(வ+30). மெதுவா போனா நேரம் அதிகம், அதனால பழையதுதான் முன்னாடி:
120/வ − 120/(வ+30) = 40/60
நிறைய பேர் சறுக்கறது இங்கதான். வேகம் மணிக்கணக்குல இருக்கு, 40 நிமிஷத்தை அப்படியே வெச்சா வ² + 30வ − 90 = 0ன்னு வரும். எத்தன நேரம் தேடினாலும் காரணி கிடைக்காது. காரணி பிரியலன்னா முதல்ல அலகைப் பாரு.

தேவி: எழுதறா

செல்வி: குமாரு நடுவுல கேக்கறேன்னு நெனச்சுக்காத. எம்.சி. ரோடு கடைல 20% தள்ளுபடி, அதுமேல 10%னு போட்டுக்கறான். 30 தானே? பாபு வீட்டு சீமந்தத்துக்குப் புடவை

குமார்: 28 தான்க்கா. 2000 ரூபா புடவை 20% போனா 1600. அந்த 10% இந்த 1600க்குத்தான், 160 போகும். 1440 குடுக்கணும்.

செல்வி: அப்ப 40 ரூபா ஏமாத்தறானா

குமார்: ஏமாத்தலக்கா, "அதுமேல"ன்னு அவனே எழுதிட்டான். எதுல இருந்து சதவீதம்னு பாக்கணும். மதி, இது உனக்கும்தான்.

தேவி: எனக்கும் சேத்து எடுக்கா. கிரகப்பிரவேசத்துக்கு எடுத்தியே, சாயம் போச்சே, அந்தக் கடை வேணாம்

செல்வி: அத இன்னும் மறக்கலயா நீ

குமார்: அடுத்த வரி மதி. மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்தா மேல 120 × 30 = 3600, கீழ வ(வ+30), வலது பக்கம் 2/3. குறுக்கப் பெருக்கி 2ஆல வகுத்தா வ² + 30வ = 5400. பெருக்கினா −5400, கூட்டினா +30 வர்ற ஜோடி +90, −60. (வ+90)(வ−60) = 0. வேகம் குறை எண்ணா இருக்காது, −90 பொருந்தாதுன்னு ஒரு வரி எழுதிட்டு, மணிக்கு 60 கி.மீ.ன்னு அலகோட முடி. சரிபாரு: 60ல 2 மணி நேரம், 90ல 1 மணி 20 நிமிஷம். வித்தியாசம் 40.

தேவி: மாமா நான் மதி. வந்துடுச்சு!! வயசு கணக்கு ஒண்ணு. 4 வருஷம் முன்னாடி அம்மா வயசு பொண்ணு வயசைப் போல 5 மடங்கு, 2 வருஷம் கழிச்சு 3 மடங்கு. எனக்கு பொண்ணு 7, அம்மா 19 வருது

குமார்: 19லேந்து 7 போனா 12. 12 வயசுல அம்மாவா? விடையே தப்புன்னு சொல்லுது பாரு. அம்மா 'அ', பொண்ணு 'ப'ன்னா, ரெண்டாவது வரில அ + 2 = 3ப அப்டின்னு போட்டுருப்ப. 2 வருஷம் ரெண்டு பேருக்கும்தான் ஓடும். அ + 2 = 3(ப + 2). அடைப்புக்குறி போடு, அந்த 2க்கும் 3 சேரணும்.

தேவி: 10, 34

குமார்: 6க்கு 30, 12க்கு 36. சபாஷ்டா கண்ணு.

செல்வி: 👏👏 சாப்ட சொல்லுங்க மொதல்ல

ஆயா: 🎤 குரல் செய்தி 0:14

பாபு: ஆயா இன்னா சொல்லுது

தேவி: வெளக்கு வெச்ச நேரத்துல அழக்கூடாதாம். வவ்வா மீனு எடுத்து வெச்சுகீதாம்

தேவி: மாமா தொட்டி கணக்கு. ஒரு குழாய் 6 மணி நேரம், இன்னொண்ணு 12. சேந்து எவ்ளோ

குமார்: 18ம் இல்ல, நடுவுல 9ம் இல்ல. பெரிய குழாய் தனியாவே 6ல ரொப்புது, ரெண்டும் சேந்தா 6க்குக் கம்மியாதான் வரணும். நேரத்தைக் கூட்டாத, ஒரு மணி நேர வேலையைக் கூட்டு: 1/6 + 1/12 = 3/12 = 1/4. அப்ப 4 மணி நேரம்.

சேகர்: மோட்டார்னு ஞாபகம் வருது. மேல் வீட்டு மோட்டார் கரண்ட் பில்லு பேசி முடிக்கல இன்னும்

தேவி: மாமா இப்ப வேணாமே

சேகர்: சும்மா சொன்னேன்

பாபு: பரீட்சை முடிஞ்சதும் மதிய ராயபுரம் ராமானுஜன் மியூசியத்துக்கு இட்டுனு போலாமா

குமார்: கண்டிப்பா. பி.கே. சீனிவாசன் வாத்தியார் 1993ல ஆரம்பிச்சது. முத்தியால்பேட்டை ஸ்கூல்ல கணக்கு சொல்லிக் குடுத்தவரு. தெறந்துகீதான்னு கேட்டுட்டு கெளம்பு. மதி, நாளைக்கு எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேள்வித்தாள் படிக்க நேரம் விடுவாங்கல்ல, அதுல 28ஆம் கேள்வியையும் 42ஆம் கேள்வியையும் முதல்ல படி. ரெண்டும் கட்டாய வினா, விட்டுட்டு வேற எழுத முடியாது. இப்ப போய் சாப்டு தூங்கு.

தேவி: சரி மாமா 🙏

தேவி: காலைல யாரு வண்டில விடறது. அவங்களுக்கு முதல் ஷிப்ட்டு

பாபு: நான் வரேன் சித்தி. 8 மணியா

சேகர்: வண்டி எனக்கு வேணும்டா, துறைமுகத்துக்குப் போவணும்

செல்வி: புடவைக்கு சனியா ஞாயிறா, அத சொல்லுங்க யாராவது