கானாற்றுப் பாறையில் உட்காரும் நாவற்பழ நிறத் தட்டான்: பெயரில் அடைப்புக்குறி ஏன்?

நிலக்கடலைக்காரர்:
ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்கள் நிலம் இருக்கிறது. வரப்பை ஒட்டிக் கானாறு. ஐப்பசி மழையில் தண்ணீர் வந்துவிட்டால் நடுப்பாறையில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உடம்பு முழுக்க நாவற்பழ நிறம். பழத்தின் மேல் படிந்திருக்கும் சாம்பல் பூச்சுகூட அப்படியே இருக்கிறது. வயிற்றின் நடுக் கணுக்களில் சின்னச் சின்ன மஞ்சள் கீற்றுகள். இன்னொன்று நெருங்கினால் துரத்திவிட்டு அதே பாறைக்கே திரும்புகிறது. மூன்று நாளாகக் களை எடுப்பதைவிட இதைப் பார்ப்பதில்தான் பொழுது போகிறது.

என் மகள் ஒரு பட்டியலோடு ஒப்பிட்டு, 'டிரிதெமிஸ் ஃபெஸ்டிவா (ராம்பூர், 1842)' என்கிறாள். சரிதானா? அதே பட்டியலில் 'டிரிதெமிஸ் கிர்பியி செலிஸ், 1891' என்று அடைப்புக்குறி இல்லாமல் இருக்கிறது. பெயரின் முதல் சொல்லான பேரினம் இரண்டுக்கும் ஒன்றே, எழுதியிருப்பது இரண்டு விதம். அச்சுப்பிழையா?

அமிர்தி வாசி:
ஐயா, அவசரப்பட வேண்டாம். அமிர்தி ஓடையிலும் கருநீலத் தட்டான்கள் உண்டு; அவற்றில் ஆர்த்தெட்ரம் என்ற வேறொரு பேரினத் தட்டானும் இருக்கிறது. பின் இறக்கை உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே அடர்பழுப்புத் திட்டு தெரிந்தால் மகள் சொன்னது சரி. ஆர்த்தெட்ரம் உருவத்திலும் சற்றுப் பெரியது.

தும்பிக் குறிப்பேடு:
அச்சுப்பிழை இல்லை ஐயா. உங்கள் மகள் கவனித்த அந்தச் சின்னக் குறிக்குள்தான் இந்தத் தும்பியின் வரலாறே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

1842இல் பிரெஞ்சுக்காரரான ராம்பூர் இதை விவரித்தபோது வைத்த பெயர் 'லிபெல்லூலா ஃபெஸ்டிவா'. அந்தக் காலத்தில் லிபெல்லூலா என்ற பேரினம் ஒரு பெரிய சாக்குமூட்டை; பல வகைத் தும்பிகளை அதிலேயே போட்டு வைத்தார்கள். 1868இல் பிரவுவர் என்ற பூச்சியியலாளர் டிரிதெமிஸ் என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். பிற்பாடு நம் தும்பியும் அதற்கு இடம் மாறியது. ஓர் இனம் முதலில் வைக்கப்பட்ட பேரினத்திலிருந்து வேறொன்றுக்கு மாற்றப்பட்டால், முதலில் விவரித்தவர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். விலங்கியல் பெயரிடலில் அது விதி. கிர்பியியை செலிஸ் தொடக்கத்திலேயே டிரிதெமிஸ் என்றுதான் விவரித்தார். அது இடம் மாறவில்லை. ஆகவே குறியும் இல்லை.

குடும்பம் லிபெல்லூலிடே. இரு கண்களும் தலையுச்சியில் ஒட்டியிருக்கும். பின் இறக்கை நரம்புகளுக்குள் மனிதப் பாதம் போன்ற ஒரு கண்ணி இருக்கும். கண்கள் விலகியிருந்தால் அது கோம்ஃபிடே, வேறு குடும்பம். டிரிதெமிஸ் இனங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில்தான் வாழ்கின்றன. ஃபெஸ்டிவாவோ சைப்ரஸ், துருக்கி முதல் நியூகினி வரை பரவியிருக்கிறது. ஒடுகத்தூர் அந்த நீண்ட வழியில் ஓரிடம்.

பாறையைப் பிடித்துக்கொண்டிருப்பது ஆண். பெண் மஞ்சளும் பழுப்புமாக இருப்பதால் வேறு இனம் என்றே நினைக்கத் தோன்றும்.

நிலக்கடலைக்காரர்:
இன்று காலை முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று பார்த்தேன். பழுப்புத் திட்டு இருக்கிறது! கண்களும் ஒட்டித்தான் இருக்கின்றன. மஞ்சள் நிறத்தில் ஒன்று வந்து வால்நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போனது. இத்தனை நாளும் அதை வேறு தட்டான் என்று விட்டுவிட்டேன். மகள் படம் எடுத்திருக்கிறாள், மாலையில் இங்கே போடுகிறேன்.