மறு: ‘பிரைமிங்’ – தமிழில் என்ன? (பழைய தீயணைப்பு வண்டிக் கையேடு)

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய தீயணைப்பு வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கான கையேட்டில் ‘பிரைமிங்’ (குளம், ஆற்றிலிருந்து இறைக்கும் முன் பம்பிலுள்ள காற்றை வெளியேற்றுவது), ‘பிரைமர்’ (அதைச் செய்யும் கருவி) இரண்டுக்கும் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார்கள். இந்த இழையில் இதுவரை வந்தவை:

> முன்னிரப்பல், முன்னிரப்பி
> நீரூட்டல், நீரூட்டி
> நீர்பிடிப்பு
> காற்றிழுப்பி
> பிரைமிங் என்றே விட்டுவிடலாம்

முன்னிரப்பலுக்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு வண்டி பார்க்கப் போகிறவர், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் கையேடு பேசுவது பெரும்பாலும் அமெரிக்க வண்டிகளைப் பற்றி. அங்கே சின்ன ஊர்களில் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் நிறைய. புது வண்டி வந்ததும் பழையதை விற்றுவிடுகிறார்கள். அமெரிக்கன் லாஃபிரான்ஸ், மேக், சீக்ரேவ் போன்ற பெயர்களில் 1950, 60களின் வண்டிகள் இப்படித்தான் தனியார் கைக்கு வருகின்றன. சிலர் ஊர்வலத்தில் ஓட்ட வாங்குகிறார்கள், சிலர் பண்ணைக்குத் தண்ணீர் கொண்டுபோக. இந்த வண்டிகள் மேல் ஆசை வைத்தவர்களுக்கென்றே 1958 முதல் அங்கே ஒரு சங்கம் இருக்கிறது. வண்டி ஓடிய தூரம் பார்த்தால் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. தீயணைப்பு வண்டி நின்ற இடத்தில் மணிக்கணக்கில் இன்ஜினை முறுக்கி பம்பு ஓட்டும். அந்த உழைப்பு மைல் கணக்கில் ஏறாது. ஆகவே வாங்குபவர் முதலில் சோதிக்க வேண்டியது பம்பைத்தான்.

இந்த வண்டிகளில் உள்ளவை பெரும்பாலும் மையவிலக்கு பம்புகள். உள்ளே இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம் சுழன்று தண்ணீரை வெளிப்பக்கமாக வீசும். உள்ளே காற்று இருந்தால் அது சும்மா சுற்றும். காற்று தண்ணீரைவிடச் சுமார் 800 மடங்கு லேசு. அதை வீசி எறிந்து எந்த இழுப்பையும் உண்டாக்க முடியாது. தெருவில் உள்ள ஹைட்ரன்ட்டில் (தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாயில்) இணைத்தால் கவலையில்லை, தண்ணீர் தானே அழுத்தத்தோடு உள்ளே வரும். வண்டியின் சொந்தத் தொட்டியிலிருந்து எடுத்தாலும் அப்படித்தான். தொட்டி மேலே, பம்பு கீழே. வால்வைத் திறந்தால் தண்ணீர் இறங்கி பம்பை நிரப்பிவிடும். குளத்திலோ ஆற்றிலோ குழாயைப் போட்டு இழுக்கும்போதுதான் பிரைமிங் தேவை. பம்புக்குள்ளும் உறிஞ்சுகுழாய்க்குள்ளும் இருக்கும் காற்றை ஒரு தனிக் கருவி வெளியே எடுக்கும். உள்ளே அழுத்தம் குறைந்ததும், வெளிக்காற்றின் அழுத்தம் குளத்துத் தண்ணீரை மேலே தள்ளும்.

அந்தக் கருவிதான் பிரைமர். பழைய வண்டிகள் சிலவற்றில் இன்ஜின் புகையின் வேகத்தை வைத்தே காற்றை உறிஞ்சுவார்கள். பின்னாளில் வந்தவற்றில் மின்மோட்டாரில் ஓடும் ஒரு குட்டிச் சுழல் பம்பு இருக்கும், பக்கத்தில் அதற்கான எண்ணெய்த் தொட்டியும் இருக்கும். கைப்பிடியை இழுத்தால் அது உறுமத் தொடங்கும். சற்று நேரத்தில் உறுமலின் தொனி மாறும், வண்டிக்கு அடியில் சளக்கென்று தண்ணீர் கொட்டும், அழுத்தமானியின் முள் எழும். பம்பு தண்ணீரைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நிமிடத்துக்கு 1,250 கேலன் வரை இறைக்கும் பம்பு 30 வினாடிக்குள் இப்படிப் பிடிக்க வேண்டும் என்பது புது வண்டிகளுக்கு அமெரிக்கத் தரநூல் வைத்திருக்கும் அளவு. பழைய வண்டிக்கும் அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இந்த வேலையில் யாரும் எதையும் நிரப்பவில்லை. காற்று வெளியேறுகிறது, தண்ணீர் தானாக வருகிறது. ‘முன்னிரப்பல்’ நம் மனதில் சட்டென்று உட்காரக் காரணம் நம் ஊர்க் கிணற்று மோட்டார். அங்கே குழாய்க்கு அடியில், ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காமல் தடுக்கும் புட்வால்வு இருக்கும். மேலே மூடியைத் திறந்து, குடத்தில் தண்ணீர் ஊற்றி, நிறைந்ததும் மூடிவிட்டு ஓட்டுவோம். அது உண்மையிலேயே நிரப்பல்தான். தீயணைப்பு வண்டி செய்வது வேறு வேலை. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறார்கள் என்பதால் நாமும் ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

விற்பவர் பம்பை ஓட்டிக் காட்டுவது பெரும்பாலும் வண்டியின் தொட்டித் தண்ணீரில்தான். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும், தண்ணீர் நாலாபுறமும் பீய்ச்சியடிக்கும், பார்ப்பவருக்கும் சந்தோஷம். கையேட்டில் ‘முன்னிரப்பல் சரியாக நடக்கிறதா என்று பாருங்கள்’ என்று எழுதியிருந்தால், படித்தவர் என்ன நினைப்பார்? பம்பு நிறைந்தது, தண்ணீர் வந்தது, சரி என்று விட்டுவிடுவார். பிரைமர் செத்துக் கிடந்தாலும் அந்த ஓட்டத்தில் தெரியாது. பம்பின் உடலில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் தெரியாது. குளிர் மிகுந்த மாநிலங்களில் பனிக்காலத்துக்கு முன் பம்பை வடிக்காமல் விட்டால் உள்ளே தண்ணீர் உறைந்து, விரிந்து, வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். தண்ணீர் வெளியே தள்ளப்படும்போது அந்த வெடிப்பு ஒரு சின்னக் கசிவு, அவ்வளவுதான். காற்றை எடுக்க முயலும்போதோ, ஓட்டை விழுந்த குழலில் இளநீர் உறிஞ்சுவதைப் போல எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் ஏறாது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் வெற்றிடச் சோதனை. குளம் இல்லாத இடத்திலும் செய்யலாம். பம்பை முழுக்க வடித்துவிட்டு, உறிஞ்சுவாய்களை மூடியிட்டு அடைத்து, வெளியேற்று வால்வுகளை மூடி, ஆனால் அவற்றின் வெளிமூடிகளை மட்டும் கழற்றிவிட வேண்டும். அப்போதுதான் கசியும் வால்வு எது என்று தெரியும். பிறகு பிரைமரை ஓட்டி 22 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் உண்டாக்கி, நிறுத்திவிட்டு, 5 நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும். 10 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. இன்ஜினையும் அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தால் ‘உஸ்’ என்ற சத்தம் ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மலைப்பகுதி என்றால் 2,000 அடி உயரத்துக்கு மேல் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளலாம். 22 அங்குலப் பாதரசம் என்பது ஏறக்குறைய 25 அடி நீர் உயரம். கிணற்றில் தண்ணீர் அதற்குக் கீழே போய்விட்டால் கரையில் வைத்த மோட்டார் இழுக்காது என்று படிக்கட்டில் மோட்டாரை இறக்கிவைக்கும் நம் விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி.

மற்ற முன்மொழிவுகளைப் பற்றிச் சுருக்கமாக.

‘நீரூட்டல்’ மீதும் அதே மறுப்புதான். அதோடு, ஒரு வண்டி இன்னொரு வண்டிக்குத் தண்ணீர் அனுப்புவதைச் சொல்ல அது பொருத்தமான சொல். அதற்கென்று ஒதுக்கி வைக்கலாம்.

‘நீர்பிடிப்பு’ எனக்கு மிகவும் பிடித்தது. ‘பம்பு தண்ணி பிடிச்சிருச்சு’ என்பது உயிருள்ள பேச்சு. ஆனால் மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மழை என்று மழைக்காலம் முழுக்கச் செய்தி வருகிறது. ஒரே ஒரு ‘ப்’ மட்டும் வேறுபாடு என்றால் தட்டச்சில் நிற்காது. வினையாக மட்டும் கையேட்டில் வைத்துக்கொள்ளலாம்: பம்பு தண்ணீரைப் பிடித்தது.

‘காற்றிழுப்பி’ சரியான திசையில் வந்த சொல். சிக்கல் என்னவென்றால், ‘மோட்டார் காத்து இழுக்குது’ என்று ஊரில் சொன்னால் அது பழுதைக் குறிக்கும். எங்கோ ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று பொருள். கருவிக்கும் பழுதுக்கும் ஒரே பெயர் வைத்தால் மெக்கானிக் குழம்பிப்போவார்.

பிரைமர் என்றே விடலாம் என்ற ஐயாவுக்கு: வேறு புத்தகமாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். கிளாண்டு (பம்பின் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பாகம்), வால்வு, இம்பெல்லர் எல்லாவற்றையும் அப்படியேதான் வைத்திருக்கிறோம். ஆனால் இந்தக் கையேட்டில் துரு பற்றிய அத்தியாயம் இருக்கிறது. அங்கே ‘துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பிறகு சிவப்பு வண்ணம்’ என்று வருகிறது. ஒரே நூலில் ஒரு பிரைமர் டப்பாவில், இன்னொன்று பம்புக்குப் பக்கத்தில். இது வேண்டாம்.

ஆகவே என் முன்மொழிவு: காற்றகற்றல், காற்றகற்றி. நடப்பதை அப்படியே சொல்கிறது. புகையால் இயங்கினாலும் மின்மோட்டாரால் இயங்கினாலும் பொருந்தும். காற்றகற்றிக் கைப்பிடி, காற்றகற்றி எண்ணெய் என்று கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பம்பு பிடிப்பை இழப்பதை ‘பம்பில் காற்றேறிவிட்டது’ என்று எதிர்ச்சொல்லாகவே எழுதலாம். கிணற்று மோட்டாருக்கு ‘நீர்நிரப்பல்’ இருக்கட்டும்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும்: பிரேக் குழாயிலிருந்தும் காற்றைத்தானே அகற்றுகிறோம்? உண்மை. ஆனால் அதற்கு ஒர்க்‌ஷாப்பில் ஏற்கனவே வழக்கு இருக்கிறது, ‘பிரேக்குல காத்து எடுக்கணும்’ என்பார்கள். அதைத் தொடவே வேண்டாம், ‘காற்றெடுத்தல்’ என்று அவர்கள் வழியிலேயே எழுதுவோம். பம்புக்கு அகற்றல், பிரேக்குக்கு எடுத்தல். சொல்லடைவில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் போதும்.

இதோடு வேறு இரண்டு சொற்கள். டயர் பகுதியில் ‘உலர் அழுகல்’ என்று இருக்கிறது. ரப்பர் அழுகுவதில்லை, வெயிலிலும் காற்றிலும் காய்ந்து வெடிக்கிறது. ‘காய்வெடிப்பு’ என்று மாற்றலாம். இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டிய இடம் அது. ஏனென்றால் இந்த வண்டிகளின் டயரில் பட்டன் (தரையில் படும் பகுதி) புதுசு போலவே இருக்கும், பக்கச் சுவர் மட்டும் கோடு கோடாக வெடித்திருக்கும். பக்கவாட்டில் உள்ள தேதிக் குறியில் நான்கு இலக்கம் இருந்தால் வாரமும் ஆண்டும். மூன்றே இலக்கம் என்றால் அது 2000க்கு முன் செய்த டயர், மாற்றாமல் நெடுஞ்சாலையில் ஏற்றக் கூடாது.

தொட்டிக்குள் இருக்கும் தகடுகளை வெறும் ‘தடுப்பு’ என்று எழுதியிருப்பதையும் ‘அலைதடுப்பு’ என்று ஆக்க வேண்டும். 500 கேலன் தண்ணீர் ஏறக்குறைய 1,900 கிலோ. தொட்டி அரைகுறையாக நிறைந்திருக்கும்போது, துருப்பிடித்துத் தகடுகள் உதிர்ந்துபோயிருந்தால், வளைவில் அவ்வளவு எடையும் ஒரு பக்கமாக மோதி வண்டியையே சாய்த்துவிடும். விளக்கு வைத்துத் தொட்டியின் வாய் வழியாக உள்ளே பார்க்கச் சொல்லும் வரியைத் தடித்த எழுத்தில் போடலாம்.

கிளாண்டு பற்றிய பத்தியில் சொல் மாற்றம் எதுவும் வேண்டாம். பம்பு ஓடும்போது பேக்கிங் (கசிவடைக்கும் திரி) உள்ள கிளாண்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுவது பழுதில்லை, அதுதான் கிளாண்டைக் குளிர்விக்கிறது என்ற விளக்கம் மட்டும் விடுபட்டிருக்கிறது. தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக் கிளாண்டை இறுக்கி முறுக்கிவிட்டால் தண்டு தேய்ந்துவிடும்.

புதிய சொற்களை வைத்து அந்தப் பகுதியை எழுதிப் பார்த்தேன்:

“தொட்டித் தண்ணீரில் பம்பை ஓட்டிக் காட்டினால் அதோடு நின்றுவிடாதீர்கள். பம்பை வடித்துவிட்டு வெற்றிடச் சோதனை செய்யச் சொல்லுங்கள். காற்றகற்றி எவ்வளவு நேரத்தில் 22 அங்குலம் எட்டுகிறது, நிறுத்தியபின் 5 நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் குளம் இருந்தால் அங்கே ஓட்டிச் சென்று, காற்றகற்றி, பம்பு தண்ணீரைப் பிடிக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விற்பவர் மறுத்தால், பம்பு வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.”

மூன்றாவது வாக்கியத்தில் ‘காற்றகற்றி’ கருவிப்பெயர். நான்காவதில் அதுவே வினையெச்சமாக நிற்கிறது. வாய்விட்டுப் படித்தால் குழப்பமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இடறுகிறது என்றால் நான்காவதை ‘காற்றை அகற்றி’ என்று பிரித்து எழுதிவிடலாம்.