பென்ஷனும் ரிஃபும் சேர்ந்து வந்த முதல் ஏப்ரல்

மார்க்கம் வாசி:
போன ஏப்ரலில் வரிக் கணக்குப் பார்க்கும் தம்பி "2,600 டொலர் கட்ட வேணும் ஐயா" என்றபோது, எண்ணைப் பிழையாக அடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வேலை செய்த காலம் முழுக்க ஏப்ரல் என்றால் எனக்கு ரீஃபண்ட் வரும் மாதம்.

இங்கே கனடாவில் 71 வயதாகும் வருடம் முடிவதற்குள் ஆர்ஆர்எஸ்பியை (ஓய்வுக்காலத்துக்கென்று வரியைத் தள்ளிப்போட்டுச் சேர்க்கும் கணக்கு) ரிஃபாக (அந்தச் சேமிப்பை வருடா வருடம் எடுக்கும் கணக்கு) மாற்ற வேண்டும் என்பதால் மாற்றினேன். அடுத்த ஜனவரியில் கணக்கில் 3 லட்சம் டொலர். அதில் 5.28 சதவீதம், அதாவது 15,840, கட்டாயம் எடுக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்சத் தொகையில் வங்கி வரி பிடிக்காது. சிபிபி (வேலை செய்த காலத்தில் கட்டியதற்கு வரும் பென்ஷன்), ஓஏஎஸ் (முதியோருக்கு அரசு தரும் பென்ஷன்) இரண்டிலும் நாமாகக் கேட்டால்தான் பிடிப்பார்கள். மூன்றுக்கும் வரி உண்டு என்று தெரியாமல் இல்லை. யாரோ எங்கோ பிடித்திருப்பார்கள் என்ற நினைப்பில் செலவழித்துவிட்டேன்.

ஸ்காபரோ அக்கா:
எனக்கு நடந்தது வேறு மாதிரி, அண்ணா. கூரை ஒழுகியது. 67 வயதில் ஆர்ஆர்எஸ்பியிலிருந்து ஒரேயடியாக 20,000 எடுத்தேன். 15,000க்கு மேல் என்பதால் 30 சதவீதம் பிடித்துக்கொண்டு 14,000 தந்தார்கள். பிடித்ததில் பாதிக்கு மேல் வரிக் கணக்குப் போட்டதும் திரும்பி வந்தது. சரி, தப்பித்தேன் என்று இருந்தேன்.

ஜூலையில் ஜிஐஎஸ், அதாவது வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் உதவித்தொகை, வரவில்லை. முந்தின வருட வருமானத்தைப் பார்த்து ஜூலையிலிருந்து அடுத்த ஜூன் வரைக்கும் அதைக் கணக்கிடுகிறார்கள். எனக்கு சிபிபி சொற்பம், ஜிஐஎஸ்ஸை நம்பித்தான் சீவியம். பன்னிரண்டு மாதமும் போயிற்று. அதே காசு டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் இருந்திருந்தால் வருமானமாகவே எண்ணப்பட்டிருக்காது. ஜிஐஎஸ் எடுக்கப்போகிறவர்கள் 65க்கு முன்னமே ஆர்ஆர்எஸ்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து முடிப்பது நல்லது என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். கூரை இப்போது ஒழுகவில்லை, அது வேறு கதை.

பழைய கணக்குப்பிள்ளை:
மார்க்கம் அண்ணாவுக்கு ஒன்று. 65 தாண்டியவர் ரிஃப் வருமானத்தில் பாதி வரைக்கும் மனைவியின் வரிக் கணக்கில் காட்டலாம். நானும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அப்படித்தான் செய்கிறோம். ஓஏஎஸ்ஸை அப்படிப் பிரிக்க முடியாது. சிபிபியைப் பகிர வேறு விண்ணப்பம் இருக்கிறது.

மார்க்கம் வாசி:
நன்றி தம்பி. மனைவிக்கு வருமானம் குறைவுதான், இந்த முறை அதையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஓஏஎஸ்ஸில் மாதா மாதம் வரி பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். கைக்கு வருவது குறைந்ததும் மனைவி முதலில் கேட்டது, "காசை எங்கே போட்டீங்கள்?"