தொட்டித் தண்ணீர் 37 டிகிரி, மீன்கள் வாயைப் பிளக்கின்றன – அவசரம்

கொல்லைப்பாத்தி:
வணக்கம். வீட்டுக் கொல்லையில் அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டித் தண்ணீரைக் கீரைப் பாத்தி வழியாகச் சுற்றவிடும் முறை) தொடங்கியிருக்கிறேன், புதிது. கத்திரி பிறந்ததிலிருந்து தண்ணீர் சூடாகவே இருக்கிறது. 37 டிகிரி காட்டுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பாத்தியில் அரைக்கீரை வாடிக் கிடக்கிறது. பசுமை வலை கட்டியும் பலன் இல்லை. தண்ணீரைக் குளிர வைக்க என்ன வழி? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மாடிக்கீரை:
இதற்கா கவலை? இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்து, உறைந்ததும் மூடியோடு தொட்டியில் மிதக்க விடுங்கள். காலை ஒன்று, மாலை ஒன்று. நான் இப்படித்தான் செய்கிறேன்.

நீர்முள்ளி:
எந்த ஊர்? என்ன மீன், எத்தனை? தொட்டி எத்தனை லிட்டர், என்ன நிறம்? எந்த பம்ப், எவ்வளவு நேரம் ஓடுகிறது? மீன் மேலே வருவது விடியற்காலையிலா, உச்சி வெயிலிலா? இவை தெரியாமல் சொல்லும் பதில் குருட்டடிதான்.

பழைய மீன்காரர்:
ஒவ்வொரு கோடையிலும் இதே கேள்வி, இதே பதில். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. மார்கழியில் தொடங்க வேண்டிய வேலையைச் சித்திரையில் தொடங்கிவிட்டு, மீன் வாயைப் பிளக்கிறது என்றால் அது வேறு என்ன செய்யும்? தொட்டியைப் பாதி மண்ணில் புதைத்திருக்க வேண்டும். அடிப்படை.

மாடிக்கீரை:
ஐயா, மாடியில் இருப்பவன் எங்கே புதைப்பது?

பழைய மீன்காரர்:
கேள்வி கேட்டவர் கொல்லை என்று எழுதியிருக்கிறார் தம்பி. படித்துவிட்டுப் பேசலாம்.

கொல்லைப்பாத்தி:
மன்னிக்கவும், வேலைக்குக் கிளம்பும் அவசரம். ஊர் வேலூர். தொட்டி 500 லிட்டர், கறுப்பு பிளாஸ்டிக், சிமெண்டுத் தரைமேல் நிற்கிறது. மீன் ஜிலேபி, விரல் நீளம், 40 இருக்கும். வீட்டில் சும்மா கிடந்த அரை எச்.பி. நீர்மூழ்கி பம்ப், மணிக்குக் கால் மணி நேரம் ஓடும்படி டைமர் போட்டிருக்கிறேன். பாத்தியில் கருங்கல் ஜல்லி. தண்ணீர் கொஞ்சம் பச்சையாக இருக்கிறது. வெப்பம் காலை, மதியம், இரவு எப்போது பார்த்தாலும் 37தான்.

ஓம் விதி:
கோளாறு பம்பில் இருக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கிய மோட்டார் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அந்தத் தண்ணீரிலேயே வெப்பமாகச் சேரும். அரை எச்.பி. என்றால் குறைந்தது 370 வாட். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 500 லிட்டரில் 0.6 டிகிரிக்கு மேல் ஏறும். கால் மணிக் கணக்கில் பார்த்தாலும், வெளியேறுவதைக் கழிக்காமல், நாளொன்றுக்கு 4 டிகிரி அளவுக்கு வெப்பத்தை நீங்களே ஊற்றுகிறீர்கள். ஏர்கூலரில் போடும் 18 அல்லது 40 வாட் பம்ப் உங்கள் தொட்டிக்குத் தாராளம். அதை நாள் முழுவதும் ஓடவிட்டாலும் இப்போது ஆகிற மின்சாரத்தில் பாதிதான் ஆகும்.

பனிக்கட்டி யோசனைக்கும் கணக்கு சொல்லிவிடுகிறேன். இரண்டு கிலோ பனிக்கட்டி உருகி, தொட்டியின் சூட்டுக்கு வந்து சேரும்வரை 500 லிட்டரிலிருந்து அரை டிகிரிகூட எடுக்காது. ஃப்ரீசர்தான் மூச்சு வாங்கும்.

மாடிக்கீரை:
என் தொட்டி 60 லிட்டர். எனக்கு வேலை செய்கிறது. கணக்கு மட்டுமே உலகமில்லை.

ஓம் விதி:
60 லிட்டரில் அதே பாட்டில் 3 டிகிரிக்கு மேல் இறக்கும். அதுவும் இதே கணக்குதான் சார்.

நாரத்தங்காடு:
கோணிச்சாக்கைத் தொட்டியைச் சுற்றிக் கட்டி நனைத்துக்கொண்டே இருங்கள், மண்பானை குளிர்வது போலக் குளிரும். நான் திருச்சியில் செய்து பார்த்திருக்கிறேன்.

மாடிக்கீரை:
சென்னையில் சாக்கு கட்டிப் பார்த்தாயிற்று. கொசுதான் மிச்சம்.

நாரத்தங்காடு:
கடற்காற்றில் ஈரம் எங்கே உலரும்? வேலூர்க் காற்று மே மாதத்தில் உலர்ந்து கிடக்கும், அங்கே பலிக்கும். 500 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானாலே முழுத் தண்ணீரும் ஒரு டிகிரிக்கு மேல் இறங்க வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் சுவருக்கு வெளியே சாக்கைச் சுற்றினால் அதில் பாதி, காற்றைக் குளிர்விப்பதிலேயே போய்விடுகிறது. அதைவிட, பாத்தியிலிருந்து திரும்பும் தண்ணீரைப் பூவாளித் தலை வழியாக ஒன்றரை அடி உயரத்திலிருந்து விழச் செய்யுங்கள். குளிர்ச்சியும் கிடைக்கும், காற்றும் கலக்கும். இதை இரவில் அதிகமாக ஓடவிடுங்கள்.

நீர்முள்ளி:
எல்லோரும் பொறுங்கள். காலையிலும் 37, நள்ளிரவிலும் 37 என்கிறாரே, யாருக்கும் உறுத்தவில்லையா? வெட்டவெளியில் நிற்கும் 500 லிட்டர் தொட்டி விடிவதற்குள் சில டிகிரி இறங்கியே தீரும். கொல்லைப்பாத்தி, எந்த வெப்பமானியில் பார்க்கிறீர்கள்?

ஆற்றங்கரை:
இடையில் ஒரு கேள்வி. ஜிலேபி வளர்க்க மீன்வளத் துறை அனுமதி வேண்டும் என்பது தெரியுமா? 1952-இல் கொண்டுவந்து விட்ட மீன், இன்று எந்தக் குளத்தில் வலை போட்டாலும் அதுதான் வருகிறது. கெண்டையும் கெளுத்தியும் எங்கே போயின? உங்கள் தொட்டி ஒரு மழையில் வழிந்தால் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஏரி.

குழம்புச்சட்டி:
ஏரி முழுக்க ஏற்கெனவே ஜிலேபிதான், இவருடைய நாற்பது குஞ்சுகள் போய் என்ன கெடுத்துவிடும்? ஏழை வீட்டுக் குழம்பில் மீன் இருக்கிறது என்றால் அது ஜிலேபியால். மேலும் இந்த வெயிலையும் அது தாங்கும்.

ஆற்றங்கரை:
ஏற்கெனவே கெட்டுவிட்டது, இன்னும் கெடுக்கலாம் என்பது நல்ல நியாயம். ரோகு வளர்க்கலாமே?

குழம்புச்சட்டி:
500 லிட்டரில் ரோகுவா? அது நீந்தித் திரும்பக்கூட இடம் போதாது. முள்ளையும் யார் பார்ப்பது?

பழைய மீன்காரர்:
ரோகு முள்ளைக் குறை சொல்பவர்களுக்கு மீன் தின்னத் தெரியாது என்று பொருள்.

கொல்லைப்பாத்தி:
வீட்டில் காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானி.

ஓம் விதி:
உடனே வெளியே எடுங்கள். அதில் 35-லிருந்து 42 வரைதான் கோடு இருக்கும். ஏறிய பாதரசம் உதறினாலொழிய இறங்காது. நீங்கள் மூன்று வேளையும் படித்தது தண்ணீரின் சூட்டை அல்ல, கடைசியாக அதை வாயில் வைத்தவரின் சூட்டை. அவருக்குக் காய்ச்சல் இல்லை, அது ஒன்று நல்ல செய்தி. கண்ணாடி உடைந்து பாதரசம் தொட்டிக்குள் போனால் மீனும் கீரையும் குப்பைக்குத்தான். வண்ணமீன் கடையில் கேளுங்கள், தண்ணீருக்கென்று வெப்பமானி மலிவாகக் கிடைக்கும்.

நீர்முள்ளி:
நினைத்தேன். அப்படியென்றால் தண்ணீர் உண்மையில் எவ்வளவு சூடு என்பது இதுவரை ஒருவருக்கும் தெரியாது. வாங்கி, காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பாருங்கள்.

அதுவரை சில விஷயங்கள். ஜிலேபி 30 டிகிரியில் உற்சாகமாகத்தான் இருக்கும். அது மேலே வந்து வாயைத் திறப்பது பெரும்பாலும் மூச்சுக்காக. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 35-இல் 7 மில்லிகிராம். குறைவு இவ்வளவுதான், ஆனால் சூடு ஏறினால் மீனும், அதன் கழிவைச் செடிக்கு உரமாக மாற்றும் பாக்டீரியாவும் அதிகமாக மூச்சு வாங்கும். போதாதற்கு உங்கள் தண்ணீர் பச்சை. அந்தப் பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இருட்டியதும் அதுவே இழுக்கும். விடியற்காலையில் மீன் மேலே வருகிறது என்றால் காரணம் வெயில் அல்ல, முந்தைய இரவு. ஒரு காற்று மோட்டாரும், காற்றைச் சிறு குமிழிகளாக்கும் காற்றுக்கல்லும் இன்றைக்கே போடுங்கள். தொட்டியின் வாயை வெளிச்சம் புகாதபடி மூடுங்கள், ஓரத்தில் காற்றுக்கு இடைவெளி இருக்கட்டும். பாசி தானாக அடங்கும்.

சூட்டுக்கு வருவோம். வலையைத் தொட்டிக்கு மேல் மட்டும் கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாத்தி வெயிலில் காய்கிறதா? குழாய் எந்த நிறம்? மதியம் 2 மணிக்கு பம்ப் ஓடத் தொடங்கும்போது, பாத்திக்கு வந்து விழும் முதல் தண்ணீரில் விரலை நீட்டிப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் கிடக்கும் கறுப்புக் குழாய் என்றால் முதல் அரை நிமிடம் விரலை வைக்க முடியாது. பிறகு அதே தண்ணீர் சுட்ட ஜல்லியில் இறங்கி, அந்தச் சூட்டையும் வாரிக்கொண்டு மீனிடம் வருகிறது. தொட்டிக்கு நிழல் கொடுத்துவிட்டுப் பாத்தியை அடுப்பாக விட்டால் பலன் எங்கிருந்து வரும்?

பழைய மீன்காரர்:
இதைத்தான் நான் அடிப்படை என்றேன்.

நீர்முள்ளி:
ஐயா, நீங்கள் சொன்னது தொட்டியைப் புதைக்க.

கொல்லைப்பாத்தி:
குழாய் கறுப்புதான். விரல் சுட்டது. மீன் மேலே வருவது காலையில்தான் அதிகம், வெயில் ஏறியதும் கீழே போய்விடுகின்றன. போர் தண்ணீரை விட்டு முழுத் தொட்டியையும் மாற்றிவிடலாமா?

நீர்முள்ளி:
வேண்டவே வேண்டாம். இப்போதுதான் குடியேறத் தொடங்கியிருக்கும் பாக்டீரியாவைக் குழப்பிவிடுவீர்கள். வேண்டுமானால் இரவில் பத்தில் ஒரு பங்கு மட்டும், நேராகப் போரிலிருந்து. மாடித் தொட்டியில் மதியம் முழுக்கக் கொதித்த தண்ணீர் கூடாது. உங்கள் போர் தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) என்ன? அது 8 என்றால் 30 டிகிரியில், மீன் கழிவிலிருந்து வரும் மொத்த அமோனியாவில் ஏழரை சதவீதம் மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும்; பிஎச் 7 என்றால் ஒரு சதவீதம்கூட இல்லை. புதுத் தொட்டியில் மூச்சுத்திணறல் என்றால் இதையும் சோதிக்க வேண்டும். சோதனைக் குப்பிகள் வாங்கும்வரை தீனியைப் பாதியாகக் குறையுங்கள். ஜிலேபி பட்டினியில் சாகாது.

நாரத்தங்காடு:
அரைக்கீரையை மறந்துவிடுங்கள். இந்த மாதத்துக்கு வள்ளைக்கீரை போடுங்கள். தண்ணீர் சுட்டால்கூடக் காடு போல வளரும்.

ஆற்றங்கரை:
அனுமதி பற்றி இன்னும் பதில் இல்லை.

குழம்புச்சட்டி:
வள்ளைக்கீரைக்கும் அனுமதி வாங்க வேண்டுமா?

கொல்லைப்பாத்தி:
வெப்பமானி வாங்கினேன். காலை 29, மாலை 34. குழாயை வெள்ளைத் துணி சுற்றி நிழலுக்கு மாற்றி, வலையைப் பாத்திக்கும் மேற்குப் பக்கத்துக்கும் இழுத்துக் கட்டிய பிறகு மாலையில் 32. கூலர் பம்பும் காற்று மோட்டாரும் போட்டாயிற்று. மீன்கள் காலையில் மேலே வருவது நன்றாகக் குறைந்திருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

நீர்முள்ளி:
மகிழ்ச்சி. மின்சாரம் போனால் காற்று மோட்டார் நிற்கும், பேட்டரியில் ஓடும் ஒன்றைக் கைவசம் வையுங்கள். பிஎச் எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.

மாடிக்கீரை:
நாரத்தங்காடு அண்ணா, வள்ளைக்கீரை விதையா, தண்டா? சென்னையில் எங்கே கிடைக்கும்?