பவுடர் பனியில் ஸ்கீயிங் போக டெல்லியில் எப்படித் தயாராவது?

மக்களே, மயூர் விஹாரிலிருந்து ஒரு உதவி. பிப்ரவரியில் கனடா போகிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் என் அத்தை பையன் என்னைக் கேட்காமலே ஒரு நாள் ஸ்னோகேட் ஸ்கீயிங்குக்குப் பணம் கட்டிவிட்டான். லிஃப்ட் கிடையாது, டேங்க் மாதிரி பட்டைச் சக்கரத்தில் ஓடும் வண்டி பத்துப் பன்னிரண்டு பேரை மலைமேல் கொண்டுபோய் விடும், யாரும் மிதிக்காத பனியில் கைடு பின்னாலேயே இறங்கினால் கீழே அதே வண்டி காத்திருக்கும், மறுபடி மேலே, சாயங்காலம் வரை இதேதான்.

நான் குல்மார்க்கில் இரண்டு சீசன் கற்றவன், அதுவும் அழுத்திச் சமப்படுத்திய சரிவில். ஒருமுறை ஓரமாகப் பவுடரில் ஒதுங்கி, பழக்கதோஷத்தில் ஒரே காலில் எடையைப் போட, அந்த ஸ்கீ புதைந்து நான் தலைகுப்புற. கழன்ற ஸ்கீயைத் தேடவே இருபது நிமிடம் (பயிற்சியாளர் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை).

டிசம்பர் புகையில் வெளியே ஓட முடியாததால் எட்டு மாடி படி ஏறி இறங்குகிறேன். தொடைக்கு இது போதுமா? பூட்ஸ் வாங்கலாமா, அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா? அகலமான ஸ்கீ அவர்களே தருவார்களாம், சரி.

முக்கியமாக, பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் டிரான்ஸ்சீவர் டெல்லியில் யாரிடமாவது இரண்டு இருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கடன் கொடுங்கள். ஒன்றைப் பூங்காவில் ஒளித்துவைத்து இன்னொன்றால் தேடிப் பழக வேண்டும். போனை அணைத்துவிட்டுத்தான் தேடுவேன், பக்கத்தில் இருந்தால் சிக்னலைக் குழப்பும் என்பது தெரியும். ஃபில்டர் காபி என் செலவு.