கம்பிச்சரமா, மின்கொடியா? பிக்கப் வண்டி ஸ்டீரியோவில் பிறந்த ஒரு கலைச்சொல் விவாதம்

ஹூஸ்டனிலிருந்து

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒரு பொருளுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். பெயரைக் கேட்பதற்கு முன் பொருளைக் காட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் பொழுது விடிவதற்குள் இருபது சொற்கள் வந்து குவிந்துவிடும். ஒன்றும் வண்டிக்குள் பொருந்தாது.

என்னிடம் இருப்பது 2008-ஆம் ஆண்டு பிக்கப். பழைய வண்டியாக வாங்கியது. முன்னால் நான்கு கதவு, பின்னால் திறந்த தொட்டி. வண்டியோடு வந்த ஸ்டீரியோவுக்குக் குறுந்தட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. அந்தக் குறுந்தட்டையும் சென்ற ஆண்டு ஒருநாள் விழுங்கிவிட்டுத் திருப்பித் தர மறுத்துவிட்டது. கதவு ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்பு வெயிலில் அப்பளமாகியிருந்தது. நெடுஞ்சாலையில் டயர் இரைச்சலை மீறி நாகஸ்வரம் கேட்க வேண்டுமென்றால் ஒலியைக் கூட்ட வேண்டும். கூட்டினால் நாகஸ்வரம் பீப்பியாகிவிடும். எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை டாஷ்போர்டின் பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பி எடுத்து, 7 மி.மீ. திருகுகள் நான்கைக் கழற்றி, பெட்டியை முன்னால் இழுத்தேன். அதன் முதுகிலிருந்து கட்டைவிரல் பருமனில், கறுப்பு நாடா சுற்றிய ஒரு கட்டு வந்தது. உள்ளே ஏறக்குறைய இருபது கம்பிகள், ஆளுக்கொரு நிறம். பெட்டிப் பக்கம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கொண்டைக்குள் முடிகின்றன. மறுபக்கம் கட்டு பிரிந்து பிரிந்து, இரண்டு கம்பி இந்தக் கதவுக்கு, இரண்டு அந்தக் கதவுக்கு, ஒன்று ஃபியூஸ் பெட்டிக்கு என்று போய்விடுகிறது.

எனக்கு முன் வண்டியை வைத்திருந்த புண்ணியவான் அதில் நான்கு கம்பிகளை வெட்டி, வேறு எதையோ முறுக்கிச் சேர்த்து, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார். டெக்சஸ் கோடை அந்த டேப்பின் பசையை உருக்கிவிட்டது. தொட்டதும் டேப் வழுக்கி நகர்ந்தது. விரலெல்லாம் கருப்பட்டிப் பாகு. உள்ளே இரண்டு செம்பு முனைகளுக்கு நடுவே ஒரு நெல் இடைவெளிதான் இருந்தது.

இந்தக் கட்டுக்குத்தான் பெயர் கேட்கிறேன். ஆங்கிலத்தில் வயரிங் ஹார்னஸ்.

இதன் தம்பி ஒன்றும் கடையில் விற்கிறது. ஒரு முனை வண்டியின் கொண்டையில் கச்சிதமாகப் போய் உட்காரும். மறுமுனையைப் புதிய பெட்டியின் கம்பிகளோடு சேர்க்கலாம். வண்டியின் கம்பி எதையும் வெட்ட வேண்டியதில்லை. வண்டி செய்பவர்கள் கம்பிகளுக்கு அவரவர் விருப்பப்படி நிறம் வைக்கிறார்கள். வெளியில் விற்கும் பெட்டிகளிலோ பெரும்பாலும் ஒரே வழக்கம்: மஞ்சளில் எப்போதும் மின்சாரம் இருக்கும், கடிகாரம் உயிரோடிருப்பது அதில்தான்; சிவப்பில் சாவியைத் திருப்பினால் மட்டும்; கறுப்பு வண்டியின் உடலோடு சேரும் எர்த். பிறகு ஸ்பீக்கர்கள்: வெள்ளை இடது முன், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின். கறுப்புக் கோடு ஓடினால் அது மைனஸ் முனை. இரண்டு தரப்புக்கும் நடுவே இந்தத் தம்பி துபாஷி வேலை பார்க்கிறான். முன்னவர் இதை ஒன்று வாங்கியிருந்தால் நான் சனிக்கிழமை முழுவதும் வெட்டுப்பட்ட கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

இனி பெயர். விற்பனைத் தளங்களின் பொறி மொழிபெயர்ப்பில் 'வயரிங் சேணம்' என்று பார்த்தேன். குதிரையின் முதுகில் போட்டு ஏறி உட்காருவதல்லவா சேணம்? என் வண்டியில் குதிரைத்திறன் முந்நூறுக்குக் குறையாது; ஒரு குதிரைக்கும் யாரும் சேணம் கட்டவில்லை.

என் முன்மொழிவு: கம்பிச்சரம். பூச்சரம் போல, பல நிறம் ஒரே கட்டு. நடுவில் வரும் தம்பிக்கு இடைச்சரம். கருத்துச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து

சரம் வேண்டாம். நிரலாக்கத்தில் எழுத்துகளின் தொடருக்குச் 'சரம்' என்று ஏற்கெனவே எழுதிப் பழகிவிட்டோம். இன்றைய வண்டியில் மென்பொருளும் இருக்கிறது, கம்பியும் இருக்கிறது. ஒரே கையேட்டில் இரண்டு சரமும் வந்தால் படிப்பவர் தலையைச் சொறிவார். 'கம்பிக்கற்றை' போதாதா?

கோயம்புத்தூரிலிருந்து

தம்பிக்கு வணக்கம்.

நான் முப்பது ஆண்டுகள் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறை நடத்தியவன். எங்களுக்கு அது 'வயரிங் செட்'. நீங்கள் கொண்டை என்று எழுதியதைக் 'கப்ளர்' என்போம். கொண்டையும் மோசமில்லை, அதற்குள் கம்பிகள் செருகியிருப்பதைப் பார்த்தால் கொண்டை ஊசி நினைவுக்கு வருகிறது. பட்டறைச் சொல் எதையும் நீங்கள் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். புத்தகத்துக்கு ஒரு சொல் வேண்டுமென்றால் பேசலாம்.

சரத்தில் எனக்கு இருக்கும் தகராறு வேறு. பூக்காரியிடம் போய்ச் சரத்தை இரண்டு முழம் கேட்கலாம். அவளும் எங்கே வேண்டுமானாலும் நறுக்கிக் கொடுப்பாள். வயரிங் செட்டை முழம் போட்டு விற்க முடியுமா? அதில் ஒவ்வொரு கம்பிக்கும் நீளம் உண்டு, திரும்ப வேண்டிய இடம் உண்டு. எங்கே நறுக்கினாலும் கெட்டது. உங்கள் வண்டியின் முன்னவர் அதைச் சரமென்று நினைத்துத்தான் நறுக்கியிருக்கிறார்.

கற்றைக்கும் அதே குறைதான். வைக்கோற்கற்றையில் எந்தத் தாளை உருவினாலும் ஒன்றே.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. ஸ்பீக்கருக்கு நாம் 'ஒலிபெருக்கி' என்கிறோம். ஆம்ப்ளிஃபயருக்குப் பாடநூல் 'பெருக்கி' என்கிறது. ஒலியைப் பெருக்குவது யார்? 'ஒலிபெருக்கியை மாற்றினேன்' என்று நீங்கள் எழுதினால் கதவில் மாட்டியதா, சீட்டுக்கு அடியில் வைத்ததா?

டொராண்டோவிலிருந்து

ஐயா கேட்ட கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இலங்கையில் நாங்கள் இயற்பியல் படித்தபோது ஆம்ப்ளிஃபயர் 'விரியலாக்கி', ஸ்பீக்கர் 'ஒலிபெருக்கி'. பரீட்சையில் ஒருநாளும் குழம்பியதில்லை. தமிழ்நாட்டுக்காரர்கள் அதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். வட்டி கேட்க மாட்டோம்.

ஹார்னஸ் விடயத்துக்கு வருகிறேன். கனடா வந்த முதல் மூன்று ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் அதைக் கட்டும் வேலைதான் எனக்கு. எப்படிக் கட்டுவோம் என்று சொன்னால் பெயர் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஒரு கதவளவு பலகை. அதன்மேல் ஹார்னஸின் படம் முழு அளவில் ஒட்டியிருக்கும். படத்தில் கோடு எங்கெல்லாம் பிரிகிறதோ அங்கெல்லாம் முளை அடித்திருப்பார்கள். நாங்கள் நின்றபடியே ஒவ்வொரு கம்பியாக எடுத்து, முளைகளுக்கு இடையே ஓடவிட்டு, அதற்குரிய முனையில் கொண்டுபோய் விடுவோம். முதல் கம்பி படுக்கும்போது ஒன்றும் தெரியாது. பத்தாவது கம்பி படுத்த பின் தண்டு தெரியும். முப்பதாவது கம்பியில் கிளைகள் எல்லாம் வந்துவிடும். பிறகுதான் நாடா சுற்றுவது, அடியிலிருந்து நுனிக்கு. ஒரு கிளை ஓர் அங்குலம் குட்டையானாலும் அது அங்கே வண்டியில் எட்டாது. இயந்திரங்கள் கம்பியை வெட்டித் தரும், முனை அழுத்தித் தரும். படுக்கவைத்துக் கட்டுவது பெரும்பாலும் இன்றைக்கும் மனிதக் கைதான்.

ஜெர்மன் மொழியில் இதற்குக் 'காபெல்பௌம்' என்று பெயர்; கம்பி மரம் என்று பொருள். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு ஜெர்மன்காரர், அவர் சொல்லித்தான் தெரியும். முதலில் எனக்கு 'கிளைவடம்' தோன்றியது. ஆனால் கிளையாறு, கிளை நூலகம் என்று சொல்லும்போது பிரிந்து போன ஒன்றைத்தானே நினைக்கிறோம்? முழுவதும் சேர்ந்த பொருளுக்கு அது ஒத்துவராது. 'வடமரம்' என்றால் ஆலமரமாகிவிடும்.

மரம் நிமிர்ந்து நிற்கும். இது நிற்காது. வண்டியின் உடம்பைப் பற்றிக்கொண்டு, ஓட்டைக்குள் நுழைந்து, கம்பளத்துக்கு அடியில் ஊர்ந்து போகும். இது கொடி. தொப்புள்கொடி, தாலிக்கொடி என்று கயிறு போன்ற பொருள்களுக்கும் அந்தச் சொல் ஏற்கெனவே பழகியிருக்கிறது. 'கம்பிக்கொடி' என்றால் துணி காயப்போடும் கொடியோ என்று கேட்பார்கள். ஆகவே மின்கொடி. மின்னலை 'மின்னற்கொடி' என்று சொல்வதுண்டுதான். ஆனால் மின்னலை யாரும் டாஷ்போர்டுக்குள் திணிக்கப் போவதில்லை.

ஹூஸ்டன் தம்பியின் துபாஷிக்கு இடைக்கொடி.

கோயம்புத்தூரிலிருந்து

கொடியை அடியில் வெட்டினால் நுனி வாடும். சரிதான். முழம் போட்டும் விற்க முடியாது. என் ஓட்டு மின்கொடிக்கு.

இடைக்கொடியைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். கொடியிடை என்று பாடிப் பாடிச் சலித்த மொழியில் அதைத் திருப்பிப் போட்டு கார் ஸ்டீரியோவில் மாட்டியிருக்கிறீர்கள்.

ஹூஸ்டனிலிருந்து

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. சரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பலகையில் முளை அடித்துக் கட்டிய கதையைப் படித்த பின் என் வண்டியில் வெட்டுப்பட்ட நான்கு கம்பிகளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

சொல்லைச் சோதித்துப் பார்க்க, மீதி வேலை முழுவதையும் அந்தச் சொற்களிலேயே குறிப்பெடுத்துக்கொண்டு செய்தேன். எங்கே இடித்தது, எங்கே இடிக்கவில்லை என்று எழுதுகிறேன்.

மின்கொடி இடிக்கவே இல்லை. எதிர்பாராத வசதி ஒன்றும் கிடைத்தது. என் வண்டிக்கு வாங்கிய இடைக்கொடியில் வெறும் கம்பி மட்டும் இல்லை. நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி தொங்குகிறது. ஸ்டியரிங்கில் உள்ள ஒலிக்கட்டுப்பாட்டுப் பொத்தான்கள் அனுப்பும் செய்தியைப் புதிய ஸ்டீரியோவுக்குப் புரியவைப்பது அது. கதவு திறந்திருந்தால் அடிக்கும் மணி ஓசை சில வண்டிகளில் பழைய ஸ்டீரியோவின் வழியாகத்தான் வரும். பெட்டியைக் கழற்றினால் மணியும் போய்விடும். அப்படிப்பட்ட வண்டிகளுக்கு அந்த மணியையும் இத்தகைய பெட்டியே அடித்துக் காட்டுகிறது. கொடியில் தொங்குவதால் குறிப்பில் அதைக் 'காய்' என்று எழுதினேன். நானே எழுதி நானே படிப்பதால் யாரும் சிரிக்கவில்லை. நூலில் எழுதும்போது வேறு யோசிக்கலாம்.

விரியலாக்கியை எழுதிப் பழக அரைநாள் ஆயிற்று; பிறகு கை தானாக எழுதியது. அது ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே இருக்கும் சிலர் புதிய ஸ்டீரியோ வாங்கியதோடு நிறுத்திவிடுவார்கள். அட்டைப்பெட்டியில் '50 வாட் × 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் எதிரெதிராக இயக்கினாலும் உச்சம் அந்த 14.4 தான், அதன் பயனுறு மதிப்பு, அதாவது திறனைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அளவு, 10.2 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 26 வாட்டைத் தாண்டாது. இழப்புகளைக் கழித்தால் அதுவும் தேறாது. அதற்கு மேல் கேட்டால் அலையின் தலை தட்டையாகிவிடும். என் நாகஸ்வரம் பீப்பியானதன் மர்மம் அதுவேதான். வெளி விரியலாக்கி 14.4 வோல்ட்டை வாங்கி உள்ளே அதை உயர்த்திக்கொள்கிறது.

அதற்குத் தனி மின்வழி: பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கேபிள், பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஒரு ஃபியூஸ். வழியில் எங்காவது தகரம் உரசி அறுத்தால் எரிய வேண்டியது ஃபியூஸ், வண்டி அல்ல. பிக்கப்பில் டிக்கி கிடையாது என்பதால் விரியலாக்கியும் தாழ்ந்த சுருதி ஒலிக்கான (சப்வூஃபர்) தட்டைப் பெட்டியும் பின் இருக்கைக்கு அடியில் ஒண்டிக்கொண்டன.

புதிய ஸ்டீரியோவில் வெள்ளைக் கோடு போட்ட நீலக் கம்பி ஒன்று உண்டு. ஸ்டீரியோவை இயக்கியதும் அது 12 வோல்ட் அனுப்பி விரியலாக்கியைத் தட்டி எழுப்பும், நிறுத்தினால் தூங்கவைக்கும். குறிப்பில் 'எழுப்புக்கம்பி' என்று எழுதிவிட்டேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அதுவும் பட்டியலில் சேரட்டும்.

இடித்த இடம் ஒன்று. ஸ்டீரியோ பெட்டியை ஆங்கிலத்தில் 'ஹெட் யூனிட்' என்கிறார்கள். தலையலகு என்று எழுதினேன், அடித்தேன். முதன்மைக் கருவி என்று எழுதினேன், அரசாணை போல இருந்தது, அதையும் அடித்தேன். கடைசியில் 'பெட்டி' என்றே விட்டுவிட்டேன். இந்த மடலிலும் சில இடங்களில் பெட்டிதான். ஒலி வரும் பெட்டி, காய்ப்பெட்டி, பாட்டுப் பெட்டி என்று மூன்று பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை நீங்களே கவனித்திருப்பீர்கள். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

வெட்டுப்பட்ட கம்பிகளைப் பற்றவைத்து, சூடு பட்டால் இறுகும் சுருங்குகுழாய் போட்டு மூடியாகிவிட்டது. கம்பி நுனிகளில் காகித நாடா ஒட்டி 'இடமுன்', 'வலமுன்', 'இடப்பின்', 'வலப்பின்' என்று எழுதியிருக்கிறேன். மின்கொடியில் ஒரு பழுப்புக் கம்பி மட்டும் மிஞ்சியது. அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நுனியை மூடி, 'தெரியாது' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.